திருச்சபையும் மலைநிலமும்: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். அரூர் வட்டத்தில் அரசுப் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். சித்தேரி மலையில் சில ஆண்டுகள் பணிபுரிந்துவிட்டு இப்போது அடிவாரத்துப் பள்ளிக்கு மாறுதலாகி வந்திருக்கிறேன். வாச்சாத்தி பற்றித் தாங்கள் எழுதிய கட்டுரையிலிருந்து தங்கள் தளத்தை விடாமல் வாசிக்கிறேன்.

எங்கள் ஆசிரியர் ஓய்வறையில் கொஞ்ச நாளாகவே ஒரு விவாதம் ஓடுகிறது. கிறித்தவம் கால்வைத்த இடமெல்லாம் பழங்குடிகளின் பண்பாடு அழிந்தது என்கிறார் நண்பர் ஒருவர். கனடாவில் பள்ளி வளாகங்களில் குழந்தைகளின் புதைகுழிகள் கண்டுபிடிக்கப்பட்டதாக வந்த செய்தியைக் கைப்பேசியில் காட்டுகிறார். எலத்தகிரிப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு நண்பரோ, மிசோரமின் எழுத்தறிவைப் பாருங்கள், பாதிரியார்கள் போகாதிருந்தால் அந்த மலைகளுக்கு யார் பள்ளிக்கூடம் கொண்டுபோயிருப்பார்கள் என்று கேட்கிறார். இருவர் பேச்சிலும் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

இது வெறும் அரட்டையாக இருந்திருந்தால் தங்களுக்கு எழுதியிருக்க மாட்டேன். மலையில் நான் பணிபுரிந்த ஊரில் சில குடும்பங்கள் இப்போது ஒரு சபைக்குப் போகின்றன. சேலத்திலிருந்து ஞாயிறுதோறும் ஒரு போதகர் வந்து போகிறார். இந்த ஆண்டு மாரியம்மன் பண்டிகைக்கு அந்தக் குடும்பங்கள் வரி கொடுக்கவில்லை. சிலைக்குப் படைப்பது பாவம் என்று போதகர் சொன்னாராம். ஊர்க்கவுண்டர் கூட்டம் கூட்டினார். அவர்களுக்குக் குழாய்த் தண்ணீர் விடக்கூடாது என்று சிலர் பேசியிருக்கிறார்கள். மதம் மாறினால் பழங்குடிச் சான்றிதழ் ரத்தாகிவிடும் என்றும் யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். வாத்தியார் என்பதால் இரு தரப்பும் என்னிடம் வந்து கேட்கின்றன. கிறித்தவத்தின் தாக்கத்தை மொத்தமாக எப்படி மதிப்பிடுவது, இவர்களுக்கு நான் என்ன சொல்வது என்று தாங்கள் விளக்கினால் உதவியாக இருக்கும். பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஓர் ஆசிரியர், அரூர் வட்டம்

*

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் நண்பர்கள் இருவரும் சொன்னவை பெரும்பாலும் நடந்தவைதான். ஒரே வேதநூலைக் கையில் ஏந்திச் சென்றவர்கள் ஓரிடத்தில் பழங்குடிக் குழந்தைகளைத் தாயின் மடியிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனார்கள். இன்னோரிடத்தில் அத்தகைய குழந்தைகளுக்கு அவர்களுடைய தாய்மொழியிலேயே முதல் பாடநூலை அச்சிட்டுக் கொடுத்தார்கள். மதத்தை மட்டும் தராசில் வைத்தால் இந்த வேறுபாடு விளங்காது. இந்த வரலாற்றை வாசிக்கும்போது நான் முதலில் தேடுவது, திருச்சபை வந்து சேர்ந்த நேரத்தில் அம்மக்களின் நிலம் யார் கையில் இருந்தது, அதைப் பறிக்க வந்தவனுக்கும் பாதிரியாருக்கும் என்ன உறவு இருந்தது என்பதைத்தான். பெரும்பாலான இடங்களில் மற்றவை எல்லாம் அதிலிருந்தே பிறந்திருக்கின்றன.

அமெரிக்கக் கண்டத்தில் அந்த உறவு தொடக்கத்திலேயே எழுத்தில் பதிந்துவிட்டது. கொலம்பஸ் திரும்பிய கையோடு, 1493இல், போப் ஆறாம் அலெக்சாண்டர் புதிய நிலங்களின் மீதான உரிமையை ஸ்பெயின் அரசர்களுக்கு வழங்கி ஆணையிட்டார். 1513இல் ஸ்பானிய அரசு ஓர் அறிவிப்பைத் தயாரித்தது. திருச்சபையையும் அரசரையும் ஏற்றுக்கொள்ளுங்கள், மறுத்தால் போர் தொடுத்து உங்களையும் உங்கள் பெண்டு பிள்ளைகளையும் அடிமைகளாக்குவோம், அதனால் விளையும் சாவுகளுக்கு நீங்களே பொறுப்பு என்பது அதன் சாரம். ஸ்பானிய மொழியில் ஒரு சொல்லும் அறியாத மக்களின் முன்பும், சில சமயம் ஆளில்லாத ஊர்களின் முன்பும், அதை வாசித்துவிட்டுத் தாக்கினார்கள். இதைக் கேட்டுச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை என எழுதியவர் பார்த்தலோமே தெ லாஸ் காசாஸ். அவரும் ஒரு பாதிரியார்தான். அவருக்கு முன்பே, 1511இல், அந்தோனியோ தெ மொந்தேசினோஸ் என்ற துறவி இஸ்பானியோலாத் தீவில் பிரசங்க மேடையில் நின்று, இவர்கள் மனிதர்கள் இல்லையா என்று குடியேற்றக்காரர்களின் முகத்துக்கு நேராகக் கேட்டார். அந்தக் குரல்கள் மெய்யானவை. ஆனால் சுரங்கமும் தோட்டமும் அவற்றைக் கேட்டு நிற்கவில்லை.

அதே திருச்சபையின் மறுமுகத்தை மெக்சிகோவின் யுகாத்தானில் காணலாம். 1562 ஜூலையில் மானி என்னும் ஊரில் தியேகோ தெ லாந்தா என்ற பிரான்சிஸ்கத் துறவி, ஞானஸ்நானம் பெற்ற பின்பும் பழைய தெய்வங்களை வணங்கினார்கள் என்பதற்காக மாயா மக்களைக் கட்டித் தொங்கவிட்டு வதைத்தார், அவர்களுடைய திருவுருக்களையும் ஏடுகளையும் குவித்துத் தீயிட்டார். மாயா எழுத்தில் அமைந்த ஏடுகளில் இன்று எஞ்சியிருப்பவை நான்கே நான்கு. வினோதம் என்னவென்றால், பிற்பாடு அந்த லாந்தாவே மாயா மக்களின் வாழ்க்கையை விரிவாக எழுதிவைத்தார். அதில் அவர் குறித்துக்கொண்ட எழுத்து அட்டவணையைத் துணைக்கொண்டுதான் 1952இல் ரஷ்ய அறிஞர் யூரி குனோரோசோவ் மாயா எழுத்தைப் படிக்கும் வழியைக் கண்டார். எரித்தவனே சாவியையும் விட்டுச்சென்றிருக்கிறான். மிஷனரிகளைப் பற்றி ஒற்றை வரியில் தீர்ப்பெழுத உட்காரும்போதெல்லாம் லாந்தா எனக்கு நினைவுக்கு வருகிறார்.

கனடா பற்றி உங்கள் நண்பர் காட்டிய செய்தியில் ஒரு திருத்தம் வேண்டும். 2021இல் காம்லூப்ஸ் பள்ளி வளாகத்தில் தரை ஊடுருவும் ரேடார் காட்டியவை புதைகுழிகளாக இருக்கக்கூடிய சுமார் 200 இடங்கள்; எலும்புகள் தோண்டி எடுக்கப்பட்டதாகப் பரவிய செய்தி பிழை. ஆனால் அந்த ரேடாரை நம்பித்தான் குற்றச்சாட்டு நிற்கிறது என்று யாரும் எண்ண வேண்டாம். அரசின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015இல் வெளியிட்ட அறிக்கை, மூவாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் சாவை ஆவணங்களிலிருந்தே பதிவுசெய்திருக்கிறது. பழங்குடிக் குழந்தைகளுக்கென்று ஒரு நூற்றாண்டுக்கும் மேல் இயங்கிய அந்த உறைவிடப் பள்ளிகளில் ஏறத்தாழ 1,50,000 குழந்தைகள் அடைக்கப்பட்டார்கள். பணம் அரசுடையது, நிர்வாகம் திருச்சபைகளுடையது. பாதிக்கும் மேற்பட்டவை கத்தோலிக்கர்களின் பொறுப்பில் இருந்தன. தாய்மொழியில் பேசினால் அடி விழுந்தது. 1892 முதல் தலைக்கு இவ்வளவு என்று அரசு மானியம் கொடுத்ததால் திருச்சபைகள் ஒன்றோடொன்று போட்டிபோட்டுப் பிள்ளைகளைச் சேர்த்தன. நெரிசலில் காசநோய் பரவியது. அரசின் மருத்துவ அதிகாரி பீட்டர் பிரைஸ் 1907இலேயே இதை ஆய்ந்து அறிக்கை கொடுத்தார். அரசு அதைக் கிடப்பில் போட்டது. ஆணையம் இந்த முழு ஏற்பாட்டையும் பண்பாட்டு இனப்படுகொலை என்றது. 2022 ஜூலையில் போப் பிரான்சிஸ் அல்பெர்ட்டாவுக்கே சென்று மன்னிப்புக் கேட்டார்.

இந்தப் பள்ளிகள் ஏன் வந்தன என்பதுதான் நம் கேள்விக்கு முக்கியம். 1871 முதல் கனடா அரசு சமவெளிப் பழங்குடிகளோடு வரிசையாக ஒப்பந்தங்கள் போட்டு நிலத்தை எடுத்துக்கொண்டது. ரயில்பாதையும் கோதுமை விவசாயிகளும் பின்னாலேயே வந்தார்கள். நிலம் போன பிறகு, அந்த நிலத்தின் மீது உரிமை கோரக்கூடிய ஒரு மக்கள்கூட்டம் மக்கள்கூட்டமாகவே நீடிப்பது அரசுக்குத் தொல்லை. அடுத்த தலைமுறையைத் தன் மொழியும் உறவும் மறந்த தனித்தனி ஆட்களாக மாற்றிவிட்டால் அந்தத் தொல்லை தீரும் என்று கணக்குப் போட்டார்கள். அந்த வேலைக்குத் திருச்சபை கூலியாளாகப் போனது. வேறு எந்த மதத்துக்கும் அந்தக் கூலி கிடைத்திருந்தால் அதுவும் போயிருக்கும் என்று வாதிடலாம். போனது இதுதான் என்பதால் பழியும் இதற்குத்தான்.

பராகுவேயில் நிலைமை வேறு. 1609 முதல் இயேசு சபையினர் என்ற கத்தோலிக்கத் துறவிகள் குவாரனிப் பழங்குடி மக்களுக்காகத் தனி ஊர்களை அமைத்தார்கள். சாவோ பாவுலோவிலிருந்து அடிமை பிடிக்க வந்த கூட்டத்தை 1641இல் குவாரனிகள் ஆயுதமேந்தி விரட்டியடித்தார்கள்; ஆயுதம் வைத்துக்கொள்ளும் அனுமதியை வாங்கிக் கொடுத்தவர்கள் பாதிரியார்கள். மணியடித்தால் எழுந்து மணியடித்தால் உறங்கும் வாழ்க்கை, தவறினால் சவுக்கடி, திரும்பத் திரும்ப வந்த அம்மை என அதற்கும் விலை இருந்தது. இருந்தும் 1732 வாக்கில் அந்த ஊர்களில் ஏறத்தாழ 1.4 லட்சம் பேர் இருந்தார்கள். குவாரனி இன்று பராகுவேயின் ஆட்சிமொழிகளில் ஒன்று. 1767இல் ஸ்பெயின் அரசர் இயேசு சபையை நாடுகடத்தியதும் நிலம் வெளியாரிடம் போனது, ஊர்கள் சிதைந்தன.

இனி நம் நாட்டுக்கு வருவோம். மிசோ மலைகளுக்கு 1894 ஜனவரியில் லொரெயின், சாவிட்ஜ் என்ற இருவர் வந்தார்கள். நான்கே ஆண்டுகளுக்குள் அம்மொழிக்கு ரோமன் எழுத்தில் ஒரு முறையை வகுத்து நற்செய்திகளை மொழிபெயர்த்தார்கள். 1841இல் மேகாலயாவுக்கு வந்த தாமஸ் ஜோன்ஸ், அங்குள்ள காசிப் பழங்குடியினரின் மொழிக்கு அதை முன்பே செய்திருந்தார். 2011 கணக்கெடுப்பில் மிசோரமின் எழுத்தறிவு 91 சதவீதத்துக்கு மேல். மக்களில் 87 சதவீதம் பேர் கிறித்தவர்கள். உங்கள் எலத்தகிரி நண்பர் சொல்வது இதைத்தான். ஆனால் அவர் சொல்லாமல் விட்டதும் உண்டு. இளைஞர்கள் கூடி உறங்கி ஊர்க்காவலும் ஒழுக்கமும் கற்ற சவ்ல்புக் என்னும் பொதுக்குடில்கள், பள்ளி வந்ததும் தேவையற்றவையாகி 1930களோடு ஓய்ந்துபோயின. அரிசிக்கள் பாவமானது. மிசோக்களின் குவாங் முரசு தேவாலயத்துக்குள் நுழைய முதலில் தடை இருந்தது. பின்பு மிசோக்களிடையே எழுந்த ஆன்மிக எழுச்சிகளின் வேகத்தில் அவர்களே அந்த முரசை உள்ளே கொண்டுவந்துவிட்டார்கள். இன்று அது இல்லாமல் அங்கே ஆராதனை இல்லை. பாடல்களின் மெட்டும் அப்படியே மாறியது.

இவர்களால் முரசைத் திரும்பக் கொண்டுவர முடிந்ததற்கும், கனடாவில் ஒரு குழந்தையால் தன் மொழியில் தம்பியிடம் பேசக்கூட முடியாமல் போனதற்கும் இடையில் உள்ள வேறுபாடு நிலம்தான் என்பது என் கருத்து. மிசோக்களின் மலையை யாரும் குடியேறிப் பிடித்துக்கொள்ளவில்லை. பிரிட்டிஷார் ஆண்டார்கள், வரி வாங்கினார்கள். ஆனால் வெளியார் நுழையக் கட்டுப்பாடு இருந்தது. ஊரும் தலைவனும் காடும் அவர்களிடமே இருந்தன. தங்கள் வீட்டில் தாங்களே இருந்துகொண்டு புதிய மதத்தை ஏற்றவர்கள் அதைத் தங்கள் வசதிக்கு வளைத்துக்கொண்டார்கள். காசிக் கிறித்தவர்களிடையே இன்றும் குலம் தாய்வழியில்தான் போகிறது, கடைசி மகள்தான் வீட்டுக்கு உரியவள். இங்கெல்லாம் பாதிரியார்கள் எப்போதும் அரசின் கையாட்களாக இருக்கவுமில்லை. மிசோ மலையில் தலைவர்கள் வைத்திருந்த அடிமை முறையை எதிர்த்த பீட்டர் பிரேசர் என்ற மருத்துவ மிஷனரியை வெளியேற்றியது பிரிட்டிஷ் நிர்வாகம்தான். மதம் மாறாத காசிகளும் சும்மா இருக்கவில்லை. 1899இல் செங் காசி என்ற அமைப்பைத் தொடங்கித் தங்கள் முன்னோர் நெறியைக் காத்துவருகிறார்கள்.

இந்த இரண்டு முனைகளுக்கும் நடுவில் கிடப்பது, இன்றைய ஜார்க்கண்டில் உள்ள சோட்டா நாக்பூர். நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மலைகளுக்கு மிக நெருக்கமான கதை அதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். முண்டாக்கள், ஒராவோன்கள் என்ற பழங்குடிகள் காடு திருத்தி உண்டாக்கிய நிலம், ஜமீன்தார்கள் கைக்கும் அவர்கள் கொண்டுவந்து இறக்கிய குத்தகைதாரர்கள் கைக்கும் கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தது. கூலியில்லாத வெட்டி வேலையும் கட்டாயம். நீதிமன்றத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவன் சொன்னதே செல்லும். 1845இல் ராஞ்சிக்கு வந்த ஜெர்மானிய லூதரன் மிஷனரிகளிடம் முதல் சில ஆண்டுகளில் அநேகமாக யாரும் ஞானஸ்நானத்துக்கு வரவில்லை. 1885இல் கான்ஸ்டன்ட் லீவன்ஸ் என்ற பெல்ஜிய இயேசு சபைப் பாதிரியார் தோர்ப்பாவில் வந்து தங்கினார். மக்களின் வேதனை நிலத்தகராறு என்று அறிந்துகொண்டு குத்தகைச் சட்டத்தைப் படித்தார், வழக்குகளை எடுத்து நடத்தினார். சில ஆண்டுகளில் ஆயிரக்கணக்கில் திரண்டு வந்து சேர்ந்தார்கள். நம் ஊரில் பால் பவுடருக்கு மாறியவர்கள் என்று ஏளனம் செய்வார்களே, அதுபோல வழக்குக்காக மாறியவர்கள் என்று அவர்களையும் சொன்னார்கள். தன் வயலைக் காப்பாற்ற எந்தக் கதவும் திறக்காத நேரத்தில் திறந்த ஒரு கதவுக்குள் நுழைந்தவனை ஏளனம் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

பிர்சா முண்டாவின் கதையும் இதற்குள்தான் வருகிறது. அவர் குடும்பம் கிறித்தவத்துக்கு மாறியிருந்தது. அவர் சாய்பாசாவில் ஜெர்மன் மிஷன் பள்ளியில் படித்தார். நில உரிமையில் மிஷன் இறுதிவரை தங்களோடு நிற்காது என்று கண்டதும் விலகினார். வெள்ளைத் துரையும் பாதிரியும் ஒரே தொப்பிதான் என்று அவர் பெயரில் ஒரு வாசகம் வழங்குகிறது. பிறகு தன் மக்களுக்கென ஒரு நெறியைச் சொன்னார். 1899 இறுதியில் கிளர்ச்சி மூண்டது. 1900 ஜூன் 9 அன்று ராஞ்சிச் சிறையில் அவர் இறந்தார். அந்தக் கிளர்ச்சி கொடுத்த அதிர்ச்சியில் பிறந்ததுதான் பழங்குடி நிலம் வெளியாருக்குக் கைமாறுவதைத் தடுக்கும் 1908ஆம் ஆண்டின் சோட்டா நாக்பூர் குத்தகைச் சட்டம். முண்டாக்களின் பாரம்பரிய நில உரிமையை அந்தச் சட்டத்துக்குள் கொண்டுவரப் பாடுபட்டவர்களில் முதன்மையானவர் ஜான் பாப்டிஸ்ட் ஹாஃப்மன், அவரும் இயேசு சபைப் பாதிரியார். மிஷனை உதறிய பிர்சாவும் மிஷனுக்குள் இருந்த ஹாஃப்மனும், ஒருவரை ஒருவர் ஏற்றிருக்க வாய்ப்பே இல்லாதவர்கள், அந்தச் சட்டத்தில் சேர்ந்தே இருக்கிறார்கள். அரசியல் நிர்ணய சபையில் 1946 டிசம்பரில் எழுந்து, தன்னைக் காட்டுவாசி என்றே பெருமையோடு சொல்லிக்கொண்டு ஆதிவாசிகளுக்காகப் பேசிய ஜெய்பால் சிங் கிறித்தவர். அவரைப் படிக்கவைத்தது மிஷன்.

இன்று ஜார்க்கண்டில் முன்னோர் வழிபாட்டையே தொடரும் சர்ணா நெறிப் பழங்குடியினர் தங்களுக்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தனி மதக்கட்டம் கேட்கிறார்கள். 2020 நவம்பரில் சட்டமன்றமே அதற்குத் தீர்மானம் நிறைவேற்றியது. தாங்கள் கிறித்தவரும் இல்லை, இந்துவும் இல்லை என்பது அவர்கள் வாதம். அந்த இரண்டாவது பகுதி நம் ஓய்வறை விவாதங்களில் எப்போதும் விட்டுப்போகிறது.

பழங்குடியின் தெய்வத்தை மாற்றுவது சபை மட்டும்தானா என்பதை நம் மாவட்டங்களிலேயே பார்க்கலாம். தகடூர் என்று பழம்பெயர் கொண்ட நம் தருமபுரி நாடு நடுகற்களின் நாடு. ஆநிரை மீட்கும் பூசலில் பட்டவனுக்கு நட்ட கல்லை வேடியப்பன் என்று கும்பிட்டுவந்தோம். மரத்தடியில் வெயிலிலும் மழையிலும் நின்ற அப்படியொரு கல்லை எனக்கு இளமையிலிருந்தே தெரியும். ஒரு கையில் வில்லும் மறு கையில் குறுவாளுமாக ஒரு வீரன், காலடியில் தேய்ந்த எழுத்து இரண்டு வரி. பொங்கல் வைப்பவர்களே கோழியும் அறுப்பார்கள், பூசாரி என்று தனியாக ஒருவர் இல்லை. இப்போது அதற்குச் சிமெண்டுக் கோபுரம் எழும்பியிருக்கிறது. பித்தளைக் கவசத்துக்குள் வில்லும் வாளும் எழுத்தும் மறைந்துவிட்டன. வெளியூரிலிருந்து குருக்கள் வந்து கும்பாபிஷேகம் நடத்தினார். கோழி அறுக்கும் இடம் சாலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. 2003இல் ஆடு கோழி பலிக்குத் தடையை அரசு கடுமையாக்கி, மறு ஆண்டே சட்டத்தை நீக்கியது உங்களுக்கு நினைவிருக்கும். சட்டம் போன பின்பும் அந்தக் கூச்சம் போகவில்லை. இதை யாரும் பண்பாட்டு அழிவு என்று சொல்வதில்லை, முன்னேற்றம் என்கிறார்கள். சபைக்குப் போகிறவன் வேடியப்பனை விடுகிறான் என்று வருந்துகிறவர்கள், கவசத்துக்குள் போன வேடியப்பனுக்காகவும் கொஞ்சம் வருந்தலாம்.

நம் பகுதியில் கிறித்தவம் புதிதல்ல. தருமபுரி அருகே கோவிலூரிலும் கிருஷ்ணகிரி அருகே எலத்தகிரியிலும் தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கர்கள் இருக்கிறார்கள். 1997இல் தருமபுரி தனி மறைமாவட்டமும் ஆனது. ஆனால் அது பெரும்பாலும் சமவெளி விவசாயிகளின் கிறித்தவம். சாதியும் உறவுமுறையும் சீர்வரிசையும் அப்படியே தொடர்கின்றன, காவி கட்டி வேளாங்கண்ணிக்கு நடக்கிறார்கள். ஊரோடு அவர்களுக்குப் பிணக்கு குறைவு. நீங்கள் சொல்லும் சபை வேறு வகை. விட்டு விலகி வா என்பதுதான் அதன் முதல் போதனை.

அந்த விலகலை மக்கள் எப்படிக் கையாளுகிறார்கள் என்பதை அடிவாரத்து ஊர் ஒன்றில் ஒரு சாவு வீட்டில் பார்த்தேன். இறந்தவர் நம் மலைகளில் வாழும் மலையாளி என்ற பழங்குடிச் சமூகத்துப் பெரியவர். மூத்த மகன் சபைக்குப் போகிறவர், இளையவர் போகாதவர். மேளம் வேண்டாம் என்றார் மூத்தவர். மேளம் இல்லாமல் பிணம் எடுக்க முடியாது என்றார்கள் பங்காளிகள். மொட்டை போடவும் அவர் மறுத்தார். வெயில் ஏறிக்கொண்டே இருந்தது. கோடித்துணியோடு வந்திருந்த தாய்மாமன் கடைசியில், “மொட்ட வேணாம்னா போவுது போ, கோடிய வாங்கிக்க. அது சாமிக்கு இல்ல, ஒங்கம்மாவுக்கு நான் செய்யறது” என்றார். மூத்தவர் இரு கையாலும் வாங்கிக்கொண்டார். ஊர் எல்லை வரைக்கும் மேளம் போனது. குழிமேட்டில் போதகர் ஜெபம் செய்தார், இளையவர் தண்ணீர்க் குடத்தோடு சுற்றி வந்து உடைத்தார். எந்த இறையியல் கல்லூரியும் சொல்லிக்கொடுக்காத தீர்வு அது. தாய்மாமனைப் போன்ற ஒருவர் உங்கள் மலையூரிலும் இருப்பார், அவரைத் தேடுங்கள்.

சபைக்காரர்களின் மீது என் குறை எங்கே என்றால், அண்டை வீட்டான் கும்பிடும் தெய்வத்தைப் பேய் என்று சொல்வதில் முதலாவது. லாந்தாவின் தீயும் அந்தச் சொல்லில்தான் பற்றியது. இரண்டாவது குறை இன்னும் பெரிது. ஞாயிறுதோறும் மலையேறும் அந்தப் போதகர், தன் சபையில் உட்கார்ந்திருப்பவனுடைய நிலத்துக்குப் பட்டா உண்டா என்று ஒருமுறையாவது கேட்டிருப்பாரா? லீவன்ஸும் ஹாஃப்மனும் ஆன்மாவோடு வயலையும் பார்த்தார்கள். சபைக்கு எதிராக மலையேறும் அமைப்பினருக்கும் இதே கேள்வி பொருந்தும். மதம் மாறியவர்களைப் பழங்குடிப் பட்டியலிலிருந்து நீக்கு என்று அவர்கள் கேட்கிறார்கள். 1960களின் இறுதியில் பழங்குடித் தலைவர் கார்த்திக் ஒராவோன் எழுப்பிய பழைய கோரிக்கை அது. ஆனால் 1992 ஜூன் 20 அன்று வாச்சாத்தியில் வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் சேர்ந்து புகுந்து 18 பெண்களை வன்புணர்ந்து ஊரையே சூறையாடியபோது யார் மதமும் கேட்கப்படவில்லை. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வர 2011 ஆனது. உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்ய 2023 ஆனது. மலையாளிகளுக்கு நேர்ந்த ஆகப் பெரிய கொடுமை சபையிலிருந்தும் வரவில்லை, கோயிலிலிருந்தும் வரவில்லை. மதம் கேட்காமலே உதவவும் முடியும் என்பதற்குச் சிட்டிலிங்கியில் 1993 முதல் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் நடத்தும் மருத்துவமனை உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே செவிலியர்களாகவும் நலப்பணியாளர்களாகவும் பயிற்சி பெற்றவர்கள் அந்த மலைப்பெண்களே.

உங்கள் ஊர்ப் பிணக்குக்கு வருகிறேன். பண்டிகை வரியை இரண்டு கணக்காகப் பிரிக்கச் சொல்லுங்கள். படையலும் பலியும் ஒரு கணக்கு. பந்தல், விளக்கு, தண்ணீர், கூத்து, வந்த உறவினருக்குச் சோறு ஆகியவை இன்னொன்று. சபைக் குடும்பங்கள் இரண்டாவதைத் தரட்டும், முதலாவதற்கு அவர்களை நெருக்க வேண்டாம். தண்ணீரை நிறுத்துவது பற்றிப் பேச்சே கூடாது. அது அரசு போட்ட குழாய், மதத்தைச் சொல்லி அதை அடைப்பவர்மேல் வழக்கு வரும் என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுங்கள்.

சான்றிதழ் பற்றிய வதந்தி தவறு. பட்டியல் சாதியினருக்கான 1950ஆம் ஆண்டு ஆணையில் மதக் கட்டுப்பாடு உண்டு. இந்து, சீக்கிய, பௌத்த மதத்தினர் மட்டுமே அதற்குள் வருவார்கள். பட்டியல் பழங்குடியினருக்கான ஆணையில் அப்படி எதுவும் இல்லை. 2004இல் கேரளத்தின் மலை அரயர் சமூகம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம், மதம் மாறியதால் மட்டுமே ஒருவர் பழங்குடி நிலையை இழப்பதில்லை என்றது. கூடவே, அவர் தன் சமூகத்தின் வழக்கங்களை விட்டுவிட்டாரா, சமூகம் அவரைத் தன்னவராக ஏற்கிறதா என்பதை அந்தந்த வழக்கின் உண்மைகளைக்கொண்டு பார்க்க வேண்டும் என்றும் சொன்னது. ஆகவே ஊரோடு ஒட்டாமல் முழுவதும் விலகிப் போ என்று போதிப்பவர், தன் சபையினரின் சட்டப் பாதுகாப்பையே அரிக்கிறார். ஒதுக்கிவைக்கச் சொல்லும் ஊர்க்காரரும் அதையேதான் செய்கிறார். இதை இரு தரப்பையும் ஒன்றாக உட்காரவைத்துச் சொல்லுங்கள். யாராவது சான்றிதழ் ரத்து என்று மிரட்டினால், அதை வழங்கும் கோட்டாட்சியர் அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்கலாம்.

அந்தக் கூட்டத்திலேயே இன்னொன்றையும் எடுத்து வையுங்கள். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி, 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்து காட்டு நிலத்தில் உழுது வாழும் பழங்குடிக் குடும்பம் நான்கு ஹெக்டேருக்கு மிகாமல் உரிமை கோரலாம். கிராம சபை வழியாகத்தான் மனு போக வேண்டும் என்பதால், ஊர் இரண்டாகப் பிரிந்து கிடந்தால் மனு நகராது. உங்கள் மலையூரில் எத்தனை குடும்பங்கள் இன்னும் மனுவே போடவில்லை என்று முதலில் கணக்கெடுங்கள். அந்தப் படிவத்தில் பழங்குடியா என்று கேட்கும் கட்டம் உண்டு, மதத்தைக் கேட்கும் கட்டம் கிடையாது.

அன்புடன்.